அந்த வீடியோவில் என் மகளின் குரல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிறுவாச்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்தது இது. அப்போது குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு என்றாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆண்டிமடம் பக்கம் ஒரு டீச்சர் ஆன்லைனில் கணக்கு சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டு, பணம் கட்டிச் சேர்ந்தேன்.

அந்த டீச்சரின் கணவர் விபத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். அவரை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாததால், வீட்டுக் கதவு ஒன்றில் கறுப்புப் பெயின்ட் அடித்து, அதில் பாடம் நடத்தி, பணம் கட்டியவர்கள் மட்டும் பார்க்கிற ஒரு ஆப்பில் வீடியோவாகப் போடுவார். நடுவில் கணவர் இருமினால் "ஒரு நிமிஷங்க" என்று போய்விட்டு வருவார். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "சரியா புள்ளைங்களா?" என்பார். என் நான்கு வயது மகள் எங்கிருந்தாலும் ஓடிவந்து "சரி டீச்சர்!" என்று கத்துவாள். சந்தேகம் கேட்க நான் போன் செய்தாலும் அவளிடம் ஒருமுறை கொடுத்தாக வேண்டும். டீச்சரும் "சரியா புள்ள?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் வைப்பார்.

எங்கள் வீட்டில் புதுப்படத்தைக் காசு கொடுத்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. படம், பாட்டு, புத்தகம் எல்லாமே யாராவது அனுப்பியதுதான். காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு இளக்காரம். அதனால் பெரம்பலூர் தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பில், "அக்கா, அந்தக் கணக்கு வீடியோவைப் போடுங்களேன்" என்று கேட்டபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த ஆப்பில் திரையைப் பதிவு செய்தால் கறுப்பாகத்தான் வரும். நான் விடுவேனா? என் கணவரின் போனில் பாடத்தை ஓடவிட்டு, என் போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்துவைத்துப் படம்பிடித்தேன். தினமும் ஒரு பாடம். "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்று வாழ்த்து குவிந்தது. ஏதோ அன்னதானம் செய்கிற நினைப்பு எனக்கு.

ஒருநாள் காலை டீச்சரே போன் செய்தார்.

"பாப்பா நல்லா இருக்காளாங்க?" என்றார். நல்லா இருக்கா டீச்சர் என்றேன்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு ஒரு வீடியோ காட்டுச்சு. என் பாடந்தான், எங்கெங்கயோ சுத்திட்டு வந்திருக்கு. அதுல பாப்பா 'சரி டீச்சர்'ங்குறா."

டீச்சரே தொடர்ந்தார்.

"இப்பல்லாம் புதுசா யாரும் சேர்றதில்லைங்க. க்ளாஸ நிறுத்திட்டேன். நாளையிலேர்ந்து முந்திரி உடைக்கப் போறேன். பகல்ல அவரப் பாத்துக்கத்தான் ஆளில்ல" என்றார். பிறகு, "மீதிக் கணக்க புக்க வெச்சுப் போட்டுப் பாருங்க. உங்களுக்கு வந்துடும்" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். மன்னிப்பு என்ற வார்த்தை, போன் அணைந்த பிறகுதான் என் வாயில் வந்தது.

குரூப்பில் எல்லோரிடமும் அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "அது எப்பவோ மத்த குரூப்புக்கெல்லாம் போயிடுச்சுக்கா" என்று சிரிக்கிற பொம்மை போட்டார்கள். டீச்சருக்குப் போன் செய்தால் சுவிட்ச் ஆஃப். நேரில் போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். முந்திரி உடைக்கிறவர்களின் கை, கொட்டையின் ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டு வெந்து தோலுரிந்திருக்கும். சாக்பீஸ் பிடித்த அந்தக் கையை எந்த முகத்தோடு பார்ப்பது? என் கண்ணெதிரே ஆண்டிமடம் பஸ் இரண்டு கிளம்பிப் போயின. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் பெரம்பலூரில் மகளோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கறுப்புக் கதவு, அதே இருமல். "சரியா புள்ளைங்களா?" என்று டீச்சர் கேட்க, போனுக்குள்ளிருந்து என் மகள் "சரி டீச்சர்!" என்று கத்தினாள்.

என் கையைப் பிடித்து நின்றவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, நம்ம டீச்சர்! இப்ப ஏம்மா க்ளாஸ் எடுக்க மாட்டேங்குறாங்க?"

அவளை இழுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றேன். இப்போதெல்லாம் எதையும் ஓசியில் இறக்குவதில்லை, யாருக்கும் அனுப்புவதுமில்லை. ஆனால் அதனால் யாருக்கு என்ன லாபம்? டீச்சர் அந்தக் கதவின் முன்னால் இனி நிற்கப்போவதில்லை, என் மகள் மட்டும் யார் யார் போனிலோ அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.