ஐம்பது வார்த்தைகளும் ஒரு நாவலும்

பத்து நாளைக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், சிதம்பரத்தில் ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தில், அதிகாரி முன்னிலையில், இரண்டு சாட்சிகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுதியதைப் பொய் என்றாள் என் மனைவி.

இவ்வளவு முறைப்படி என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

கோபம் வந்ததா? இல்லை. உடம்பு சிலிர்த்தது. பத்து நாளாகியும் அடங்கவில்லை. அதனால்தான் இந்த வாரப் பத்திக்கு எழுத வைத்திருந்த விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்பு என் மனைவி மரகதத்துக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தப்பித்தது. பேச்சு போய்விட்டது. நெல்லிக்குப்பத்தில் இருபத்தாறு வருடம் கணக்கு டீச்சர் அவள். பள்ளிக்கூடத்தில் ஐந்து பீரியட் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து ஆறாவது பீரியடை எனக்கு எடுப்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கடலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிஞ்சியது ஒரே வார்த்தை — 'அது'. தண்ணீரும் அது. ஃபேனும் அது. நானும் அது.

"உள்ள எல்லாம் அப்படியே இருக்கு சார். அம்மாவுக்கு எல்லாம் புரியுது. வார்த்தைங்க வெளிய வர்ற கதவுதான் ஜாம் ஆயிடுச்சு" என்றார் ஸ்பீச் தெரபிஸ்ட் ஸ்டெல்லா. படம் போட்ட அட்டைகள் கொடுத்தார். சாவி, குடை, வாழைப்பழம்.

நான் பதிவுத்துறையில் முப்பத்தொரு வருடம் இருந்து, சார் பதிவாளராக ஓய்வு பெற்றவன். எனக்கு அட்டை போதுமா? நீள நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். வரிசை எண், வார்த்தை, மீண்ட தேதி, குறிப்பு. தண்ணீர், சாப்பாடு, மாத்திரை, பாத்ரூம், வலி... மொத்தம் ஐம்பது. மிகவும் பயனுள்ள வார்த்தைகள் என்று யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்தவை. தினமும் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி.

மூன்று மாதத்தில் ஒன்பது வார்த்தைகள் மீண்டன. மீதி நாற்பத்தொன்றுக்கும் குறிப்புக் கட்டத்தில் 'நிலுவை' என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

பிறகுதான் அந்தப் புத்தகம் வந்தது.

தெரபி சென்டரில், காத்திருக்கும் இடத்தில் ஒரு சின்ன அலமாரி உண்டு. அதில் யாரோ ஒரு பிள்ளை விட்டுவிட்டுப் போன நாவல். அட்டையில் கால்பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் படிப்பது. மரகதம் அதை எடுத்துப் புரட்டினாள். பிறகு, என் கண் முன்னாலேயே, தன் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். நான் எடுத்துத் திரும்ப வைக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள்... ஸ்ட்ரோக் வந்த கை என்று சொல்ல முடியாது.

"எடுத்துட்டுப் போட்டும் சார்" என்றார் ஸ்டெல்லா.

"ரெஜிஸ்டர்ல எழுதணுமா?"

"ரெஜிஸ்டரே கிடையாது சார்."

ரெஜிஸ்டர் இல்லாத நூலகம்! நாடு எப்படி நடக்கிறதோ.

கதையை நானும் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்து, கால்பந்து செலக்ஷனுக்குப் போகிறாள். வார்டன் பொய் சொல்கிறார், சித்தப்பா பொய் சொல்கிறார், கோச்சும் பொய் சொல்கிறார். அவள் எல்லோரிடமும் சண்டை போடுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் ஆச்சரியக்குறி. கணக்கு டீச்சருக்கு இதுவா?

அவளுக்கு அதுதான் பிடித்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, விரலை எழுத்தின் மேல் நகர்த்தி, உதடசைத்துப் படிப்பாள். முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். பிடித்த வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு. என் நீள நோட்டு மேசை மேல் தூசி படிந்து கிடந்தது.

ஒரு நாள் காலை, டாக்டர் சொன்னபடி காபியை நிறுத்திவிட்டு ஓட்ஸ் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். டம்ளருக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சதி" என்றாள்.

தெளிவாக. தடங்கல் இல்லாமல். இரண்டு எழுத்தும் முழுசாக.

சொல்லுங்கள், எந்தப் பட்டியலில் 'சதி' இருக்கும்? எந்த அதிகாரி அதை அத்தியாவசியப் பண்டமாகச் சேர்ப்பான்? ஆனால் அந்த நேரத்துக்கு, அந்தக் கஞ்சிக்கு, தமிழில் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும்தான். கஞ்சி ஆறிப்போனது. காபி போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. திங்கட்கிழமை வருகிறேன் என்ற பிளம்பர் வியாழன்வரை வரவில்லை. "தலைமறைவு" என்றாள். டிவியில் ஒருவர் வாக்குறுதி கொடுத்தார். "சந்தேகம்." 'குடை'யும் 'வாழைப்பழ'மும் இன்றுவரை வரவில்லை. தலைமறைவு வந்துவிட்டது!

எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. என் ஐம்பது வார்த்தைகளும் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு வசதியானவை. அவள் என்னிடம் சொல்ல விரும்பியது எதுவும் அதில் இல்லை.

உறைத்தது என்றேனே தவிர, திருந்தினேன் என்று சொல்லவில்லை.

மரகதத்தின் தம்பி பாஸ்கர் சிதம்பரத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். தங்கமானவன். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் கடையை மூடிவிட்டுக் கூடவே இருந்தான். அங்கே கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்களுடைய அம்மாவின் வீடு. அம்மா காலமாகி நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. வாங்க ஆள் வந்திருக்கிறது.

"மாமா, அக்காகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிட்டா எனக்கு அலைச்சல் கம்மி. அவுங்கதான் எப்பவோ சரின்னுட்டாங்களே" என்றான்.

எப்போது சொன்னாள்? அவனுக்கும் ஞாபகமில்லை, எனக்கும் ஞாபகமில்லை. ஆனால் ஊர் வழக்கம் அதுதானே? அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவார்கள். தம்பி தட்டில் பட்டுப்புடவையும் பழமும் வைத்துக் கொடுப்பான். அப்படித் தட்டும் கையுமாக நின்ற எத்தனையோ பெண்களின் பத்திரங்களை நானே பதிவு செய்திருக்கிறேன்.

பத்திரத்தை நானே எழுதினேன். ஒரு சிக்கல்தான். அதிகாரி "சம்மதமா?" என்று கேட்பார். வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். என் நோட்டில் 'சம்மதம்' நாற்பத்தேழாவது வார்த்தை. அதை முதலிடத்துக்கு உயர்த்தினேன். காலை காபியோடு சம்மதம், மாலை காபியோடு சம்மதம். பத்தாவது நாள் சொல்லிவிட்டாள். மீண்ட தேதி போட்டுக்கொண்டேன். தப்பான விடையை உரக்கச் சொல்கிற பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். வெற்றிக் களிப்பில் நான் அதைக் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. டோக்கன் வந்தது. அதிகாரி ஓர் இளம்பெண். நான் ஒரு காலத்தில் கேட்ட அதே கேள்வியை அவர் கேட்டார்.

"அம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? சம்மதமா?"

நான் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் உதடசைத்தேன். சம்... ம... தம்.

மரகதம் கையை நீட்டினாள். "படிக்க... ணும்."

"மாமாதானே எழுதனாரு, எல்லாம் கரெக்டா இருக்கும்க்கா" என்றான் பாஸ்கர்.

"மேடம், இவங்க படிக்க ரொம்ப நேரம் ஆகும்" என்றேன் நான்.

"ஆகட்டும் சார். நான் அடுத்த டோக்கனப் பாக்கறேன். அம்மா அந்த நாற்காலில உக்காந்து நிதானமாப் படிக்கட்டும்."

உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள் என்று நான் என் சர்வீசில் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? யோசித்துப் பார்த்தேன். யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

மொத்தம் நாலு பக்கம். விரல் நகர்ந்தது. ஒரு குழந்தை அழுதது, பிரிண்டர் கடகடத்தது, யார் யார் டோக்கனோ வந்து போனது. அவள் உதடு மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது பக்கத்தின் அடியில் குரல் வெளியே வந்தது.

"எவ்வித... தூண்டுதலும்... நிர்ப்பந்தமும்... இன்றி... என் முழு... சம்மதத்துடன்..."

நின்றாள். மறுபடி முதலிலிருந்து அதே வரியைப் படித்தாள். பையைத் திறந்து, நாவலுக்குள் இருந்த பென்சிலை எடுத்து, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டாள். நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள்.

"பொய்."

அந்த வரியை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். இடத்தின் நான்கெல்லையைப்போல, முத்திரைத்தாளின் நிறத்தைப்போல, கண் தானாகத் தாண்டிப்போகும். அதற்கு அர்த்தம் உண்டு என்பதும், அது உண்மையாகவோ பொய்யாகவோ இருக்க முடியும் என்பதும் எனக்குத் தோன்றியதே இல்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்துக்கொண்டிருக்கிற ஒருத்திதான் அதைப் படித்தாள்.

"அப்பப் பதிவு பண்ண முடியாது சார்" என்று அதிகாரி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். விதி அது. எனக்கு மனப்பாடம்.

வெளியே வந்ததும் பாஸ்கரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் புடவைத் தட்டு வேறு. "நான் உன்ன ஏமாத்தறேன்னு நெனச்சிட்டியாக்கா?"

இல்லை என்று வேகமாகத் தலையாட்டினாள். அவன் கன்னத்தைத் தொட்டாள். வார்த்தை தேடினாள். நாங்கள் இருவரும் வழக்கம்போல எடுத்துக் கொடுத்தோம். "வீடு வேணுமா?" "பங்கா?" "புடவ கலர் புடிக்கலியாக்கா?"

வகுப்பில் கூச்சலை அடக்குவதுபோலக் கையை உயர்த்தினாள். நிறுத்தினோம். ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும்.

"கேளு" என்றாள். "என்னைய... கேளு."

பாஸ்கர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். தட்டைப் பக்கத்தில் வைத்தான். "அக்கா... அம்மா வீட்ட வித்துடலாமா?"

அவளிடம் இதை யாரும் கேட்டதே இல்லை. நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. பேச்சு இருந்தபோதும் கேட்கவில்லை, போன பிறகும் கேட்கவில்லை.

மரகதம் சிரித்தாள். "யோசிக்... கிறேன். ஞாயிறு."

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் தட்டு இல்லாமல் கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவள் தயாராக இருந்தாள். "விக்கலாம். நானும்... விக்கிறேன். ரெண்டு... கையெழுத்து."

அதாவது, விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்க மாட்டாள். தம்பியோடு சமமாக நின்று, விற்பவளாகக் கையெழுத்துப் போடுவாள். சட்டப்படி எளிமையான வழி. எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

பாஸ்கர் தலையைச் சொறிந்தான். "அதுக்கென்னக்கா, செஞ்சிடலாம். அப்ப அந்தப் புடவ?"

"அதுவும்" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு ஜாஸ்தியாகிப் புரையேறிவிட்டது.

நேற்று புதிய பத்திரத்தின் வரைவை எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன். நாற்பது நிமிடம் படித்தாள். 'எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி' என்ற வரி வந்ததும் விரல் நின்றது. பென்சிலை எடுத்தாள். ஓரத்தில், நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகளின் நோட்டில் போடுவாளே, அதேபோல வால் நீண்ட ஒரு டிக்.

இத்தனை வருடம் பத்திரமும் கையுமாக இருந்ததற்கு நான் வாங்கிய முதல் மார்க் அது.