மூஞ்சி இல்லாத கொள்ளைக்கார ஈ

கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் அருமைநாயகத்துக்கு, மற்ற பூச்சிகளைப் பிடித்து உறிஞ்சும் கொள்ளைக்கார ஈ என்றால் வெறி. கண்களுக்கு நடுவே பள்ளம் இருந்தால் அந்த ஈதான். எந்த இனம் என்பதை அதன் மூஞ்சியில் உள்ள மயிர்மீசையின் நிறத்தையும் கால் முட்களையும் பார்த்துச் சொல்வார். இரையை உறிஞ்சும்போதுதான் அது அசையாமல் இருக்கும். அதனால் எந்த இரையையும் அந்த மனுஷன் காப்பாற்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்லாறு என்ற ஊரில், மனைவி பிஜியின் தேனீப் பெட்டி அருகே, ஓர் ஈ தேனீயை அந்தரத்திலேயே கவ்விப் பிடரியில் குத்தியது. அருமைநாயகம் லென்ஸோடு குனிந்தார். பிஜி செருப்பைக் கழற்றி ஓங்கி அறைந்தாள். ஈயின் தலை கூழானது.

“மூஞ்சில எதுக்குடி அடிச்ச? இனி என்ன இனம்னு எப்பிடிப் பாக்க? வயித்துல அடிச்சிருக்கலாம்லா!” என்று கத்தினார்.

பிஜி செருப்பைக் கீழே போடவில்லை. “எனக்க தேனீயக் குத்திக் கொல்லும்போ மீசயத்தான பாத்துட்டு இருந்திய? இப்ப உங்க மூஞ்சியக் காட்டுங்க. எந்த இனம்னு நான் சொல்லுதேன்.”