முருகனும் கேட்டார், படக்காரர்களும் கேட்டார்கள்

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் பெரிய சண்டை. ஆசியாவின் இளம் சண்டை நடிகர்களில் அடுத்து மேல்நாட்டுப் படங்களில் கொடி கட்டப்போவது யார் என்பதுதான் விவகாரம். இந்தோனேசியாக்காரன்தான் என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். தாய்லாந்துப் பெண்ணை விட்டால் ஆளில்லை என்று அத்தை மகள் பொரிந்தாள். இதில் உண்மையிலேயே ஏதாவது தெரிந்த ஒரே ஆள் என் சின்ன மாமா. அவர் வாய் திறக்கவில்லை. பேங்காக்கில் எந்தக் கூரையிலிருந்து எந்தக் கூரைக்குத் தாவிக்கொண்டிருந்தாரோ! மறுநாள் சாவகாசமாக ஒரு செய்தி போட்டார். அடுத்த படத்தில் அவருக்கு வசனம் உண்டாம். ஆங்கிலத்தில், நான்கு வரி.

அம்மா அதற்குப் பதிலாக ஒரு கும்பிடு மட்டும் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தைப்பூசம் நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பிய வயது.

சின்ன மாமா அம்மாவின் ஒரே தம்பி. செமோர் பக்கத்தில் அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்று அங்கே வீடுகள் கட்ட ஆரம்பித்தபோது, பெற்றவர்கள் இல்லாத அவரை அம்மாதான் ஈப்போ சிலிபினில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பகலில் சீனர் ஒருவரின் டயர் கடையில் வேலை. தோட்டத்துக் கோயில் திடலில் கற்ற சிலம்பத்தை அவர் விடவில்லை. பழைய டயர்களை அடுக்கி வைத்து அதன் மேலிருந்து குட்டிக்கரணம் அடிப்பார். தோள் வரை முடி. அதை ரப்பர் பேண்டில் கட்டியிருப்பார், சண்டை என்றால் அவிழ்த்துவிடுவார். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய சண்டைப் பட டிவிடிகளை நானும் அவரும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். ஒவ்வோர் உதையையும் அவர் கூடத்தில் செய்துகாட்டுவார். "தலை ஒடைஞ்சா கிளினிக்குக்கு நான் தூக்கிட்டு ஓட மாட்டேன், சொல்லிட்டேன்!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவார். உலகப் புகழ் பெறப்போகும் வீரர்களின் பட்டியல் ஒன்று என் மனத்தில் இருந்தது. அதில் ஐந்தாவது இடத்தை மாமாவுக்குக் கொடுத்திருந்தேன். சொந்தக்காரர் என்பதற்காக முதலிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

தைப்பூசத்துக்கு முந்தின வருடக் கடைசியில் ஈப்போ பழைய பட்டணத்துக்கு வெளிநாட்டுப் படக்குழு ஒன்று வந்தது. கதாநாயகன் வளர்ந்துவரும் நடிகன். அவனிடம் அடி வாங்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். செய்தியைக் கொண்டுவந்ததே டயர் கடை முதலாளியான தவுக்கேதான், மாமாவுக்கு ஒரு நாள் விடுப்பும் கொடுத்தார். மாமா கிளம்பிய காலையில் அம்மா சாமி மேடையில் சூடம் ஏற்றினார். "முருகா, என் தம்பிய எடுத்துக்கிட்டாங்கன்னா தைப்பூசத்துல அவன் முடிய உனக்கே குடுத்துடுறேன்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு முருகனிடம் சும்மா கேட்கத் தெரியாது. ஏதாவது தருவதாகச் சொல்லிக் கேட்டால்தான் கேட்ட மாதிரி இருக்கும்.

முருகன் உடனே கொடுத்துவிட்டார். ஹாங்காங்கிலிருந்து வந்திருந்த குள்ளமான சண்டை மாஸ்டருக்கு மாமாவை ரொம்பவே பிடித்துப்போனது. கருத்த பையன் ஒருவன் டயர் கடையில் பழகிய காண்டனிஸ் சீனத்தில் சரளமாகப் பேசியது ஒரு காரணம். அடிபடாமல் விழத் தெரிந்திருந்தது இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த முடி! சுழன்று விழும்போது அது விசிறிபோல் விரிகிறதாம். மாஸ்டர் அதற்காகவே மூன்று முறை விழச் சொன்னாராம்.

ஐந்து நாள் படப்பிடிப்பு முடிந்து மாமா வீட்டுக்கு வந்தபோது தரையில் கால் படவில்லை. அதே சண்டையின் மிச்சத்தைத் தைப்பூசம் முடிந்து இரண்டு வாரத்தில், செயற்கை மழையில் எடுக்கப்போகிறார்கள். அது நன்றாக வந்தால் மாமாவைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு பேங்காக்குக்கு அழைத்துப்போவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். அதுவரை முடியில் கத்தி படக்கூடாது. பாதிச் சண்டையில் முடியோடு இருந்தவன் மீதியில் மொட்டையாக வந்தால் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"விக் வச்சுக்கலாமே, மச்சான்?" என்று அப்பா வழி சொன்னார்.

"மழையில குட்டிக்கரணம் அடிச்சா கழண்டு எங்கயோ பறந்துடும்லா, மச்சான். மாஸ்டருக்கு விக் பேர சொன்னாலே புடிக்காது."

வேண்டுதலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போட்டால் என்ன என்றும் அப்பா கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம். அப்படித் தள்ளிப் போட்ட யாரோ ஒருவருக்குக் கால் முறிந்த கதையைப் பக்கத்து வீட்டு அக்கா அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். மாமாவின் பிழைப்பே காலில் இருந்தது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாக்கு கொடுத்த தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு வீட்டில் அலைந்தார். நான் காலையில் மாமா கட்சி, மாலையில் முருகன் கட்சி. எனக்கும் பரீட்சை வந்துகொண்டிருந்தது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாமாவே பேச்சை முடித்துவைத்தார். "எடுத்துடலாம்க்கா. படம் போனா போகுது. டயர் எங்கயும் ஓடிப் போகாது" என்று சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. இப்படித் தண்ணீரை வீணாக்குகிறாரே என்று நான் அப்பாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.

மறுநாள் கல்லுமலை முருகன் கோயில் அடிவாரத்தில் நிற்க இடமில்லை. முடி எடுக்கிறவர்கள் கூடாரத்துக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு வாங்கி எங்கள் முறை வந்ததும் மாமா சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். ரப்பர் பேண்டை உருவினார். முடி தோளில் விழுந்தது. முடி எடுக்கிறவர் சொம்புத் தண்ணீரை ஊற்றப்போனபோது அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"டேய், எந்திரி."

"அக்கா, சும்மா இரு."

"எந்திரின்னா எந்திரிடா!"

அம்மா மாமாவின் தோளைப் பிடித்துத் தூக்கியே விட்டார். கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பலகையில் உட்கார்ந்தார். அம்மாவின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். அவர் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையில் அது தொப்பிக்குள் அடங்காமல் சூப்பர்வைசர் தினமும் கத்துவாராம். சொந்தக்காரர் கல்யாணங்களில் பெண்கள் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். வேறு நகை பெரிதாக இல்லாத அம்மாவுக்கு அது ஒன்றுதான் பெருமை.

"சீட்டு ஆம்பளைக்குலா வாங்கியிருக்கீங்க?" என்றார் முடி எடுக்கிறவர்.

"சீட்டுல தலையோட பேரா எழுதியிருக்கு? எடுங்கண்ணே." பிறகு மலையைப் பார்த்து, "எங்க வீட்டு முடிதானே ஒனக்கு வேணும்? இந்தா, அவனோடத விட நீளம்" என்றார். அம்மா சாமியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. சின்ன மாமா கூட்டத்துக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதார். அப்பா கூடாரத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார். நான் மல்லிகைச் சரத்தைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு, இதை இனி எங்கே வைப்பது என்று யோசித்தேன்.

மழைச் சண்டை நன்றாக வந்தது. மாமா பேங்காக்குக்குப் போனார். நானோ அம்மாவை விட்டு விலகிப்போனேன். பள்ளி வாசலில் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு அவர் நிற்கும்போது எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாள் காற்றில் சால்வை நழுவிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். யார் அது என்று ஒருத்தி கேட்டபோது, பக்கத்து வீட்டு ஆண்ட்டி என்று சொல்லிவிட்டேன். அது அம்மாவின் காதில் விழுந்திருக்கும். "வா பாப்பா, மழை வருது" என்று மட்டும் சொல்லி என் புத்தகப்பையை வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் இதை எழுதும்போது எனக்கு வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் படம் ஈப்போவில் திரைக்கு வந்தது. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு நாங்கள் மூவரும் போனோம். அம்மாவின் முடி அதற்குள் பையன்களுடையதைப்போல் காது வரை வளர்ந்திருந்தது. சின்ன மாமா வந்தது இடைவிடாத மழையில், ஒரு மாடிப்படியின் உச்சியில். கதாநாயகன் சுழன்று உதைத்தான். மாமா காற்றில் திரும்பினார், முடி முழுவதும் விரிந்து, திரை நிறையத் தண்ணீரை வாரி இறைத்தது. பின்னால் யாரோ "வாவ்" என்று கத்தினார்கள். அவர் படிகளில் உருண்டு போவதற்குள் அப்பா எழுந்து நின்று விசில் அடித்துவிட்டார்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், தோள் குலுங்கியது. எனக்குப் பாவமாகிவிட்டது. தோட்டத்தில் பிறந்தவர், சினிமாவைப் பற்றி என்ன தெரியும்! அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதம்மா. மாமாவ நெஜமா அடிக்கல. எல்லாம் நடிப்புலா."

"அப்படியா?" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சரி பாப்பா, அழல."

அம்மாவுக்குப் புரியவைத்துவிட்ட திருப்தியோடு நான் மறுபடியும் திரையைப் பார்க்க ஆரம்பித்தேன்.