வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டியதா?

ஆடி மாதம், விடாத சாரல். மேலகரத்தில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குப் பக்கத்துக் குளத்தில் ஒரு ஆலாப் பறவையைப் பார்த்தேன். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பூச்சி பிடிக்கும் வழக்கமான மீசை ஆலா இல்லை. கடல்பறவை, மேற்கே இருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தது. பைனாகுலரில் நீர் கோத்துக்கொண்டது. துடைப்பதற்குள் பறந்துவிட்டது.

பறவைகளைப் பதியும் செயலியில் ‘பிரைடில்டு ஆலா’ என்று போட்டேன்.

மறுநாள், பதிவுகளைச் சரிபார்க்கும் முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: “முதுகு பழுப்பா, சுத்தக் கறுப்பா? நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றதா, தாண்டிப் பின்னால் போனதா? தாண்டியிருந்தால்தான் பிரைடில்டு; நின்றிருந்தால் அது சூட்டி ஆலா.”

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்ததைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை, கேட்கத் தெரியாது. இரண்டு வருடமாகப் பறவை பார்க்கிறேன். பார்த்ததைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ‘தாண்டிப் போனது’ என்று எழுதினால் பேச்சு தொடரும். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. நனைந்தால் பழுப்பும் கறுப்பாகத்தான் தெரியும்.

குளத்துக்கு ஓடினேன். பறவை இல்லை. வாத்து மேய்க்கிற அண்ணாச்சி குடையோடு நின்றார். அவரிடம் கேட்டேன்.

“அந்தக் கறுப்புப் பறவையா? நேத்து என் வாத்துக்கு நடுவுல வந்து உக்காந்துச்சுல்லா. நெத்தியில துன்னூறு பூசுன மாரி இருந்துச்சு.”

“அந்த வெள்ளை கண்ணுக்குப் பின்னால போச்சா அண்ணாச்சி?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “போச்சுன்னு சொன்னா ஒனக்குச் சந்தோசமாலே?”

“ஆமா.”

“அப்பம் போச்சுன்னே எழுதிக்கோ. பறவையா வந்து கேக்கப் போவுது?”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு பொய் எழுத முடியவில்லை. அறைக்கு வந்து, “கண்ணருகே சரியாகப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு ஆலா, வகை தெரியாது” என்று மாற்றினேன்.

சாயங்காலம் பதில் வந்தது: “சரி.”

அந்த ஒரு சொல்லை நாலைந்து தடவை திறந்து பார்த்தேன். அதற்குக் கீழே வேறொன்றும் வரவில்லை. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பைனாகுலரைத் துணியால் துடைத்து வைத்தேன்.