தட்டிவிட்டு வருகிறவர்

நம்பினால் நம்புங்கள், இது என் அத்தானுக்கு நிஜமாகவே நடந்தது. என் அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அந்த மனிதருக்குக் கதை கட்டவும் வராது, கட்டினால் கேட்க வீட்டில் ஆளும் கிடையாது.

அருங்காட்சியகத்தின் பின்கட்டு அறையில் தனியாக உட்கார்ந்து பழைய சாமான்களைத் துடைப்பது அவர் வேலை. அன்று வந்தது ஒரு குதிரை லாயத்துப் பெட்டி. குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கி, லாடம் அடிக்கும் சுத்தியல், உடம்பு தேய்க்கும் இரும்புச் சீப்பு. சீப்பின் ஒரு ஓரம் மட்டும் நசுங்கியிருந்தது.

பிற்பகல் மூன்று பத்து. முதுகுக்குப் பின்னால்…

டக்… டக்.

சுவரில் இரும்பு தட்டுகிற சத்தம். திரும்பினார். யாருமில்லை. மேஜையில் வைத்த சீப்பு சுவரோரம் கிடந்தது.

மறுநாளும் அதே மூன்று பத்து. முதலில் வெலவெலத்துப்போனவர், நாலாம் நாள் "வாங்க" என்றாராம். கூத்தைக் கேளுங்கள், பேய்க்கு உபசாரம்! எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது.

அடுத்த வாரம் சீப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மூன்று பத்து. சத்தமில்லை.

மூன்று பதினொன்று…

பிடரியில் ஒரு கை.

சில்லென்று.

முதுகு வரை தடவிக்கொண்டே இறங்கியது…

செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தார். என் வீட்டில் இரண்டு நாள் காய்ச்சல்.

அருங்காட்சியகத்துக்குப் பெட்டியைக் கொடுத்த அம்மாளிடம் நானே போய் விசாரித்தேன்.

"எங்க தாத்தாவோட குதிரைக்காரர் சாமானுங்க அது. அவருக்கு வாய் பேச வராது. குதிரைக்குப் பின்னால போனா குரல் குடுக்கணும், இல்லேன்னா மிரண்டு உதைக்கும். அதனால சீப்பால சுவத்துல ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் கிட்டப் போவாராம். ஒரு நாள் யாரோ சீப்ப உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. அன்னிக்குத்தான் உதைச்சுது."

"பொழைச்சாரா?"

"எங்க? மதியம் மூணு மணிக்கு மேல உதை வாங்கினவர். ராத்திரி வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

அத்தானிடம் அப்படியே சொன்னேன். "வேலைய விட்டுத் தொலைங்க, எங்களோடயே இருந்துடுங்க" என்றேன். தலையாட்டினார்.

மறுநாள் ஆளைக் காணோம். போன் அடித்தேன்.

"சீப்ப வெளிய எடுத்து வச்சுட்டேன், மாப்ளே. பாவம், தட்டிட்டே வரட்டும்."

"அத்தான், பைத்தியமா உங்களுக்கு?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. போனுக்குள் கேட்டது…

டக்… டக்.

"வந்துட்டாரு, வச்சுடறேன்" என்றார். அக்கா போன பிறகு அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.