காலைத் தொட்டால் தொட்டதாகுமா

விதி இதுதான்: பெண்கள் புத்த பிக்குவைத் தொடக் கூடாது; கொடுக்க வேண்டியதைப் பாத்திரத்திலோ, அவர் விரிக்கும் துணியிலோ வைக்க வேண்டும். தாய்லாந்து போகுமுன் நான் குடும்பத்துக்கு அனுப்பிய குறிப்பில் அது தடித்த எழுத்தில் இருந்தது. யாருடைய தலையிலும் கை வைக்காதீர்கள் என்பது அதற்கு மேலே. மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விழுந்தால் காப்புறுதிக்காரன் திரும்பியும் பார்க்க மாட்டான் என்பது அதற்குக் கீழே. சிட்னியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் விதிகளைப் பிறருக்கு விளக்கியே ஓய்வு பெற்றவன் நான். விளக்கிய விதியை யாரும் படிப்பதில்லை என்பதையும் அங்கேதான் கற்றேன்.

ஆனால் சம்பந்தி அம்மா படித்தார். என் மகனின் மாமியார். கோயம்புத்தூரிலிருந்து வந்து சிட்னியின் கெல்லிவில் பகுதியில் மகளோடு இருந்தவர். எங்கள் கூட்டத்தில் குறிப்பை வரிவரியாகப் படித்துச் சந்தேகம் கேட்டவர் அவர் ஒருவர்தான். மகன் கடற்கரையில் ஸ்கூட்டர் கடைக்காரனிடம் பாஸ்போர்ட்டை அடகாக நீட்டியபோது பறித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். விகாரையில் புத்தரை நோக்கிக் கால் நீளாதபடி, வலிக்கிற முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தார். இப்படி ஒருவர் என்னிடம் வேலை பார்த்திருந்தால் நான் இன்னும் சில வருடம் ஓய்வு பெறாமல் இருந்திருப்பேன்.

சியாங் மாயில் ஒரு விடியற்காலை, தெருவில் பிக்குகள் வரிசையாக வந்தார்கள். சம்பந்தி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னால் வந்த முதியவரின் பாத்திரத்தில், விரல் படாமல், சோற்றையும் வாழைப்பழத்தையும் வைத்தார். அதுவரை எல்லாம் முறைப்படி. அடுத்த நொடி அப்படியே தரையில் விழுந்து, அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதியவர் திடுக்கிட்டுப் பின்னால் போனார். பின்னால் வந்த இளம் பிக்கு ஆங்கிலத்தில் வேண்டாம், வேண்டாம் என்றார். வரிசை குலைந்து, பிறகு மௌனமாக நகர்ந்தது.

"தொடக்கூடாதெண்டு எழுதினனான் எல்லோ?" என்றேன்.

அவர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "கால தொடறது தொடறதுல சேருமாங்க சம்பந்தி?"

ஒரு சாமியாரின் காலைத் தொடாமல் நிற்பதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதைக் குறைவு.

சிட்னி திரும்பிய பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு கோயிலுக்கு வருவார். உள்ளே வர மாட்டார். காரிலேயே இருப்பார். மகள் "அம்மா, லெட் இட் கோ" என்பாள். என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "எம் பாவம் எங்கூடப் போகட்டும். அந்தப் பெரியவர் எத்தன வருசமாக் காத்த நோன்போ. அதக் கெடுத்துப்போட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு சாமி முன்னால நிக்கறது?"

மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அந்தப் பிக்குகளுடைய விகாரையின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். நாள், இடம், நடந்தது, கோருவது, எல்லாம் தனித்தனிப் பத்தியில். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. எந்த அலுவலகத்திலும் மேலே ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதலாம். ஒரு விகாரையில் மேலே இருப்பவருக்கு முகவரி கிடையாது. சம்பந்தி அம்மா ஒவ்வொரு வெள்ளியும் கேட்பார். "ஓம், அனுப்பியிருக்கிறன்" என்பேன். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

இப்போது அவர் கோயம்புத்தூருக்கே போய்விட்டார். போன வாரம் மகன் மறுபடியும் தாய்லாந்து போவதாகச் சொல்லி அந்தக் குறிப்பைக் கேட்டான். பாதம் உட்பட என்று இரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்பினேன். படிக்க மாட்டான்.

சம்பந்தி அம்மா ஊருக்குப் போகுமுன்பே ஒருநாள் பதில் வந்திருந்தது. எழுதியவர் அந்த இளம் பிக்கு. பிழையான ஆங்கிலத்தில் சில வரிகள்தான். எதிர்பாராமல் பட்ட கையால் பிக்குவுக்குக் குற்றம் வராது; அந்த விதி எங்கள் மனத்தைக் காக்க எங்களுக்கு இட்டது, உங்கள் அம்மாவுக்கு இட்டது அல்ல. பெரியவர் நலம். அன்று காலை வெயிலேறுமுன்னே தன் காலடியில் மயங்கி விழுந்த அந்த அம்மா இப்போது தேறிவிட்டாரா என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கோயில் கார் நிறுத்துமிடத்தில், காரின் ஜன்னல் வழியாக அதைச் சம்பந்தி அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "நல்லா இருக்கறேன்னு உடனே எழுதிப் போடுங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்தபடி இறங்கிக் கோயிலுக்குள் போனார். அன்று தைப்பூசம்.