மச்சானின் சைக்கிளும் கொளுக்கித் தராசும்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு முற்றத்து மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஜும்ஆவுக்குரிய சட்டையை அயன் பண்ணினேன். தொழுகை முடிந்து வந்து போனைப் பார்த்தால், கொழும்பில் படிக்கும் ராத்தாவின் மகன் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். மலைச் சைக்கிளின் முன்சில்லைத் தாங்கும் ஸ்பிரிங் போக்குகள். "மாமா, இதுல எது பாரம் குறைவு? என்ட போக் சரியான பாரம்."

பஞ்சர் ஒட்டவும் தெரியாத என்னிடம் கேட்கிறானே என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் படத்தைப் பெரிதாக்கியதும் ஏனோ மீன் வாடை வந்தது.

அது ஒரு தராசின் வாடை. யுத்தம் முடிந்த வருடம். சுனாமிக்குப் பிறகு ராத்தாவுக்கும் மச்சானுக்கும் தொடர்மாடியில் மூன்றாம் மாடி வீடு கிடைத்திருந்தது. கல்முனைக்குடியில் கடலோரம் இருந்த பழைய வீட்டில் மிஞ்சியது, மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த மலைச் சைக்கிள் மட்டும்தான். மணலைத் தோண்டி எடுத்தார். அதே அலை அவருடைய இடது தோளை உடைத்திருந்தது. ஆனாலும் அந்தச் சைக்கிளில்தான் சம்மாந்துறை அரிசி மில்லுக்கு வேலைக்குப் போவார். வழியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் சைக்கிளின் கழுத்துக் குழாயைத் தட்டிப் பார்த்து, சிங்களத்தில் "பரய், பரய்" என்பான். பாரமாம். மச்சானும் தலையாட்டிவிட்டு வருவார்.

மாலையில் சைக்கிளைக் கீழே விட மனம் வராது. வலது தோளில் போட்டு மூன்று மாடியும் ஏறுவார். மேலே வந்ததும் கைகள் செத்துப்போகும். குழந்தை தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும்.

"சைக்கிளத் தூக்கிற மனிசனுக்குப் புள்ளயத் தூக்க ஏலாதாம்" என்று ராத்தா சிரிப்பாள். மச்சான் சிரிக்கமாட்டார்.

பாரத்தைக் குறைக்க வழி தேடி, நானும் மச்சானும் பாண்டிருப்பில் தங்கராசா அண்ணனின் சைக்கிள் கடைக்குப் போனோம். பக்கத்து மீன்கடையின் கொளுக்கித் தராசை இரவல் வாங்கி, போக்குகளை மாட்டி மாட்டி நிறுத்தார் அண்ணன்.

"ஸ்பிரிங் இல்லாததுதான் காக்கா லேசு" என்றார் மச்சானிடம்.

"மில் ரோட்டுப் பள்ளத்துல என்ட தோள் கழண்டிரும் அண்ணன்."

"அப்ப படியில கழண்டிராதோ?"

கடைசியில் ஸ்பிரிங்கும் இருந்து பாரமும் குறைந்த பழைய போக் ஒன்றை மச்சான் பிடித்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க அவருடையதையும் கழற்றி, தலைகீழாகப் பிடித்துச் சுத்தியலால் தட்டினார் அண்ணன்.

மணல். கட்டி கட்டியாக, இறுகிப்போன கடல் மணல். கடைசியாக ஒரு சிறிய சிப்பி. எத்தனை தடவை கழுவி, எண்ணெய் போட்டிருப்போம்! குழாயைக் கவிழ்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணனின் வீட்டையும் அதே அலைதான் கொண்டுபோயிருந்தது.

"அப்ப நான் இவ்வளவு காலமும் கடக்கரையயா மாடிக்கு ஏத்தின?" என்றார் மச்சான். முதலில் அண்ணன்தான் சிரித்தார். பிறகு மூவராலும் நிறுத்த முடியவில்லை.

மறுபடி நிறுத்தபோது தராசு முள் மற்றப் போக்கின் அளவை நெருங்கி நின்றது. "உங்கடயே போதும் காக்கா. வாங்கத் தேவையில்ல."

அன்று மாலை மச்சான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, குழந்தையை இரண்டு கைகளாலும் வாரித் தூக்கினார். ராத்தா குசினிக்குள் போய்விட்டாள்.

சாவடி நின்ற இடத்தில் இப்போது போன் கடை. அண்ணனின் கடை பூட்டிக் கிடக்கிறது. தொடர்மாடிப் படிச்சுவரில் சைக்கிள் உரசிய கீறல்களின் மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். மச்சானும் மவுத்தாகிவிட்டார். அவர் தூக்கிய குழந்தைதான் இப்போது படம் அனுப்பியிருப்பவன்.

மறுநாள் சுபஹு தொழுத கையோடு, மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுமுன், அவனுக்குப் பதில் போட்டேன்: "இப்ப வாங்காத மகன். முதல்ல பழசக் கழட்டி, தலகீழாப் புடிச்சுத் தட்டிப் பாரு."